தொட்டால் அடி விழும் பெட்டி

ஆறு மாதமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வாடகை வீட்டில் ஒரு சின்ன அறையை ஒழித்து ஸ்டூடியோ மாதிரி செய்து வைத்திருக்கிறேன். லேப்டாப், ஹெட்போன், ஒரு மைக். சத்தமெல்லாம் சாஃப்ட்வேர் சிந்தசைசரிலிருந்து வருகிறது. 'நிஜமான' கீபோர்டு ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. நண்பர்களில் பாதிப்பேர், சாஃப்ட்வேர் சத்தத்தில் உயிர் இல்லை என்கிறார்கள். மீதிப்பேர், காசைத் தண்ணீரில் போடாதே என்கிறார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதும் போனில் அதன் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லட்சத்துச் சொச்சம். உத்தமபாளையத்தில் ஏறிய பஸ் கோம்பையைத் தாண்டிப் பண்ணைப்புரத்தில் நின்றது. எங்கள் ஊர் தேவாரம், அடுத்தாற்போல வரும். நூறு தடவை கடந்த நிறுத்தம்தான். ஆனால் என் கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பழைய கதை இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

1943இல் இங்கே பிறந்த இளையராஜாவின் வீட்டில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுகிறவர். தம்பி அந்தப் பெட்டியைத் தொட்டால் அடி விழும். இதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. பெட்டி கெட்டுப்போனால் அடுத்த கூட்டத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவது?

அந்தக் கூட்டங்கள் சாதாரணமானவை அல்ல. பண்ணைப்புரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை. அதற்கு அந்தப் பக்கம் கேரளத்தின் தேயிலைத் தோட்டங்கள், அங்கே ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள். 1958இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். கூடவே தம்பி ராஜாவும் போனார். ரோசம்மா ஜெயித்தார்.

அந்தப் பாட்டுக்காரர்களின் பெட்டி அப்போது அகில இந்திய வானொலிக்குள் நுழைய முடியாது. 1940இலேயே வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்திருந்தது. பாரிஸில் அலெக்சாண்டர் தெபேன் 1842இல் காப்புரிமை வாங்கிய கருவி அது. பிறகு கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் அதன் காலை வெட்டி, மிதிக்கும் துருத்தியை எடுத்துவிட்டு, ஒரு கையால் காற்றடித்து மறுகையால் வாசிக்கும்படி மாற்றினார்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம், தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். உள்ளே பித்தளை நாக்குகள். காற்றுப் பட்டால் அதிரும். ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான். இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக வழியே இல்லை. கமகம் வராது, இந்திய இசையின் ஸ்ருதிக்கு ஒத்துவராது, வெளிநாட்டுச் சரக்கு. இவைதான் குற்றச்சாட்டுகள். தடை தளர 1971 ஆகிவிட்டது.

இன்றைக்கு சாஃப்ட்வேர் சிந்தசைசரைப் பற்றி என் நண்பர்கள் சொல்வதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'உயிர் இல்லை' என்பது புதுக் குற்றச்சாட்டே இல்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு பொய்யும் இல்லை. ஆர்மோனியத்தில் நிஜமாகவே கமகம் வராது. இருந்தும் தோட்டத் தொழிலாளிக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பெட்டிதான்.

அறுபதுகளின் கடைசியில் சகோதரர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள். கையில் காசில்லை. அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அதை அப்படியே கொடுத்தார். ஆர்மோனியத்தை உள்ளே விடாத வானொலியைக் கேட்கிற பெட்டியை விற்றுத்தான் ஆர்மோனியக்காரப் பிள்ளைகள் பட்டணம் போனார்கள். இதை முதலில் யோசித்தபோது பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன்.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதே ஆண்டு சென்னையில் ஆர்.கே.சேகர் என்ற இசையமைப்பாளர் இறந்துபோனார். மகன் திலீப்புக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன கீபோர்டுகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. வெளிநாட்டுக் கருவிகள் அவ்வளவு அபூர்வம். கருவி யாரிடமோ வேலை அவரிடம். திலீப்பும் சின்ன வயதிலேயே இளையராஜா குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனார். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மானாகச் சொந்த ஸ்டூடியோ கட்டும்போதும் கருவி வாங்கப் பணமில்லை. அம்மா தன் நகைகளைக் கொடுத்தார்.

1986இல் வந்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் கம்ப்யூட்டர் இசை என்ற பேச்சோடு வந்தன. அந்தக் காலத்துக் கருவிகளை ஒரு இஞ்சினியராகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1983இன் யமஹா டிஎக்ஸ்7 இன்றும் 'ஹார்டுவேர்' என்று கொண்டாடப்படுகிறது. அதற்குள் தந்தியும் இல்லை, நாக்கும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டுபிடித்த கணக்குதான் இருக்கிறது: ஓர் அலையைக் கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவது. ஆறு அலைகளை 32 விதமாகக் கோத்துச் சத்தம் செய்தார்கள். அதே யமஹா 1984இல் விற்ற சிஎக்ஸ்5எம் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். உள்ளேயே சிந்தசைசரும் இருந்தது. ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்று அதைக் கேட்டால் அது என்ன சொல்லும்? டிஎக்ஸ்7இன் அதே கணக்கை இன்று டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் போடுகிறது.

அப்படியானால் கீபோர்டு வீணா? அப்படியும் இல்லை. என் லேப்டாப் 256 சாம்பிள்களைச் சேர்த்துக்கொண்டுதான் சத்தம் விடுகிறது. அது மட்டுமே கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் தாமதம், மற்றவை தனி. காதுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்கு ஏதோ தெரிகிறது. அதைவிடப் பெரிய வருத்தம், போன வருஷம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பழைய பிளகின் ஒன்று திறக்கவே இல்லை. அதில் செய்திருந்த மூன்று பாட்டு போச்சு. ஆர்மோனியத்தில் ஒரு நாக்கு போனால் மாற்றிவிடலாம்.

வீட்டில் அம்மாவிடம் விலையைச் சொன்னேன். "இம்புட்டுக் காசா? ஒன்னய இஞ்சினியரிங் சேக்க வச்ச சங்கிலிய மீட்கவே நாலு வருசமாச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள். என் லேப்டாப்பின் பின்னாலும் ஒரு நகை இருந்தது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அந்த நேரத்தில் அக்கா மகள் லேப்டாப்பைத் திறந்து ஏதோ ஒரு பட்டனை அமுக்கப் போனாள். ஒன்பது வயது. "ஏய், தொடாத!" என்று கத்திவிட்டேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கே இப்படி. லட்ச ரூபாய்க் கீபோர்டு வந்தால் அந்த அறைக்குள்ளேயே யாரையும் விடமாட்டேன்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் 49 கட்டை உள்ள ஒரு மிடி கீபோர்டை வரவழைத்தேன். அதற்கென்று சொந்தச் சத்தம் கிடையாது. பரணில் கிடந்த என் காலேஜ் லேப்டாப்பைத் துடைத்து, டெக்ஸெட்டை ஏற்றி, இரண்டையும் இணைத்து அவளிடம் கொடுத்தேன்.

"மாமா, உடைஞ்சுட்டா?"

"உடைஞ்சா பாத்துக்கலாம்."

அவள் ஒரே கட்டையை அரை மணி நேரம் அமுக்கிக்கொண்டிருந்தாள். லட்ச ரூபாய்க் கீபோர்டின் பக்கம் என் போனில் இன்னும் திறந்துதான் இருக்கிறது. மூட மனசு வரவில்லை.