கதிர் அறுப்போர்: ஒரு கோடை ஓவியமும் காலக் கணக்கும்

பீட்டர் புரூகல் 1565ஆம் ஆண்டில் தீட்டிய 'கதிர் அறுப்போர்', இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டு நெதர்லாந்து உழவர் வாழ்வுக்கு நேர்ச்சான்றாக இவ்வோவியத்தைக் காட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அவ்வழக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

முற்றிய கோதுமை வயல் ஓவியத்தின் பெரும்பகுதியை நிறைத்துள்ளது. ஒருபுறம் நீண்ட பிடியுடைய அரிவாளை வீசி அறுக்கும் ஆடவர். மறுபுறம் மரத்தடியில் அமர்ந்து உண்போர். அவர்கள் அருகிலேயே ஒருவர் கால்களைப் பரப்பி அயர்ந்து உறங்குகிறார். தொலைவில் கப்பல்கள் மிதக்கும் நீர்ப்பரப்பு. உழைப்பு, உணவு, உறக்கம் ஆகிய மூன்றும் ஒரே நண்பகலில் அடங்கிவிடுகின்றன. குறை என்று சொல்ல அங்கு எதுவும் இல்லை.

ஆனால், ஓவியம் பிறந்த காலம் அத்தகையதன்று. 1564-65 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பால்டிக் பகுதியில் நிகழ்ந்த போரால் தானிய வரவு தடைப்பட, 1565இன் இறுதியில் தானிய விலை பெரிதும் உயர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் தேவாலயங்களின் திருவுருவங்கள் உடைக்கப்பட்டன. இவற்றின் நிழல் கூட இவ்வயலில் விழவில்லை. இதனால் ஓவியரைப் பொய்யர் எனல் தவறு. மாதத்திற்கொரு தொழிலைக் காட்டும் நாட்காட்டி ஓவிய மரபு அவருக்கு முன்பே இருந்தது. அவர் வரைந்தது ஆண்டுதோறும் மீண்டும் வரும் பருவம். 1565 என்னும் தனி ஆண்டு அன்று. இவ்வேறுபாட்டைக் கருதாமல் ஓவியத்தைச் சான்றாக்குவோரே பிழை செய்கின்றனர்.

ஓவியத்தின் உடைமை வரலாறோ மீண்டும் வராத காலத்தைச் சார்ந்தது. ஆண்ட்வெர்ப் செல்வர் நிக்கலேஸ் யோங்கெலிங்க் இப்பருவ ஓவியங்களைத் தம் இல்லத்திற்காக வாங்கினார். 1566 பிப்ரவரியில், வேறொருவர் பட்ட 16,000 கில்டர் கடனுக்கு ஈடாகப் புரூகலின் 16 ஓவியங்களை அவர் வைத்தார். விளைச்சலைக் காட்டும் ஓவியம் வரையப்பட்ட சில மாதங்களிலேயே பிணைப்பொருளாயிற்று. ஓவியத்தை விட இந்த ஆவணமே அக்காலப் பொருளியலை நமக்கு மிகுதியாகக் கூறுகிறது எனலாம்.

இரு மாதங்களுக்கு ஒன்றாக ஆறு ஓவியங்கள் இருந்தன என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. எஞ்சியவை ஐந்து: வியன்னாவில் மூன்று, பிராகாவில் ஒன்று, நியூயார்க்கில் இது. இளவேனிலுக்குரியது இன்றளவும் கிடைக்கவில்லை.