ரைனோஸ்போரிடியோசிஸ்: தென்தமிழ்நாட்டு மருத்துவமனைப் பதிவேடுகளின் வழியே

ரைனோஸ்போரிடியோசிஸ், ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற நுண்ணுயிரால் வரும் நாட்பட்ட ஒட்டுண்ணி நோய். பெரும்பாலும் மூக்கின் உட்பரப்பையும் மூக்குக்குப் பின்னுள்ள தொண்டைப் பகுதியையும் தாக்கும். அடுத்தபடியாகக் கண்ணிமையின் உட்பரப்பிலும் கண்ணீர்ப்பையிலும், அரிதாகத் தோலிலும் சிறுநீர்த்தாரையிலும் காணப்படும். உலகில் பதிவான நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரங்கள் இந்நோய்க்குரிய நிலப்பரப்பாகக் கருதப்படுகின்றன. ஊர் வழக்கில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. மூக்கில் வளரும் வேறு சதைகளைப் போலவே இதையும் ‘மூக்கில் சதை’ என்பார்கள்.

நோய்க்கூறு

மூக்கடைப்பும் மூக்கிலிருந்து இரத்தம் கசிவதும் முதல் அறிகுறிகள். சதை சிவந்து, தொட்டாலே இரத்தம் வரும் மென்மையுடன் இருக்கும். அதன் மேற்பரப்பில் வெண்புள்ளிகள் தெரிவதால் பாடநூல்கள் அதை ஸ்ட்ராபெரிப் பழத்தோடு ஒப்பிடுகின்றன. ஒவ்வொரு வெண்புள்ளியும் முதிர்ந்த ஒரு வித்துப்பை. 100 முதல் 400 மைக்ரோமீட்டர் வரை வளரும் இப்பைக்குள் ஆயிரக்கணக்கான நுண்வித்துகள் அடங்கியிருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் காணக்கூடிய நோய்க்கிருமிகள் மருத்துவத்தில் மிகச் சிலவே; இது அவற்றுள் ஒன்று. அகற்றிய சதையைத் திசு ஆய்வுக்கு அனுப்பினால் நோய் உறுதிப்படும். சாதாரண ஹெமடாக்சிலின்-இயோசின் சாயமே இதற்குப் போதும்.

தோலில் நோய் மூன்று வகையாகத் தோன்றலாம். மூக்கோரத்துத் தோலுக்குப் பரவும் துணைக்கட்டிகள் ஒரு வகை. இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுவது இரண்டாவது. காயத்தின் வழியே தோலிலேயே தொடங்குவது மூன்றாவது. இதுவே மிக அரிது. தோற்றத்தில் மருவையோ கட்டியையோ ஒத்திருப்பதால், தோல்நோய்க்கான பதிவுகளில் இது வேறு பெயரில் இடம்பெற்றிருக்கவும் கூடும்.

தொடக்க வரலாறு

அர்ஜென்டினாவில் மல்பிரான் 1892-இல் இவ்வுயிரைக் கண்டும் வெளியிடவில்லை என்பர். 1900-இல் கில்லெர்மோ சீபர் புவெனஸ் அயர்ஸில் அளித்த ஆய்வேடே முதல் விளக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1903-இல் கல்கத்தாவில் ஓ’கினீலி இந்திய நோயாளி ஒருவரின் மூக்கு இடைச்சுவரில் கண்ட சதையை லண்டன் குரல்வளை மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். 1905-இல் மின்ச்சினும் ஃபேன்தமும் அவர் பெயராலேயே இதற்கு ‘ரைனோஸ்போரிடியம் கினீலியை’ என்று பெயரிட்டனர். எடின்பரோவில் ஆஷ்வொர்த் 1923-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு சீபரின் முன்னுரிமையை ஏற்று இன்றைய பெயரை நிலைநிறுத்தியது; இவ்வுயிரைப் பூஞ்சைகளோடும் சேர்த்தது.

     

சென்னை மாகாணத்திலிருந்து இன்கிராம் 1910-இல் வழக்கமற்ற உடலிடங்களில் இந்நோய் தோன்றுவதைப் பதிவுசெய்தார். 1914-இல் திருமூர்த்தியும், கண்ணிமை நோயைப் பற்றி 1922-இல் ரைட்டும் எழுதினர்.

தொகுப்பாய்வுகளின் காலம்

1930-கள் முதல் 1960-கள் வரையிலான முப்பதாண்டுகளில்தான் இந்நோய் பற்றிய அறிவு பெருகியது. அதைப் பெருக்கியவை அறுவைக்கூடப் பதிவேடுகளும் நோய்க்குறியியல் துறைகளின் கண்ணாடிச் சில்லுகளுமே. முன்பே சிகிச்சை பெற்றுச் சென்றவர்களின் வயது, பால், ஊர், தொழில், சதையின் இடம் ஆகியவற்றைப் பின்னர் ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் பின்னோக்கு ஆய்வுமுறை இது.

1933-இல் நொரோனா புனேயின் ஆற்றுமணல் தொழிலாளரிடம் இந்நோய் மிகுந்திருப்பதைக் கவனித்தார். நீரில் நின்று மணல் அள்ளுவோருக்கே அது வருகிறது என்ற எண்ணத்தை 1937-இல் மண்ட்லிக்கின் ஆய்வு வலுப்படுத்தியது. ஆலனும் தவேயும் 1936-இல் 60 நோயாளிகளின் சிகிச்சையைத் தொகுத்தனர். சென்னையில் ராஜமும் உடன் ஆய்வாளரும் 1955-இல், உடல் முழுதும் பரவி உயிரிழப்பில் முடிந்த ஒரு நோயாளியைப் பதிவுசெய்தனர். அது வரை மூக்கோடு நின்றுவிடும் தொல்லை என்றே கருதப்பட்டிருந்த நோய் உயிரையும் எடுக்கலாம் என அந்த ஒரு பதிவு காட்டியது. 1960-இல் சத்தியநாராயணா 255 நோயாளிகளின் தொகுப்பை வெளியிட்டார். 1964-இல் இலங்கையின் கருணாரத்ன எழுதிய நூல் அது வரை கிடைத்த பதிவுகளை ஒரே இடத்தில் தந்தது. நாற்பதாண்டுகள் கழித்து ராய்ப்பூரிலிருந்து 2007-இல் வந்த 462 நோயாளிகளின் தொகுப்பும் இதே மரபைச் சேர்ந்தது.

தூத்துக்குடியும் அண்டை மாவட்டங்களும்

தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல். ஆகவே அதற்கு முந்திய பதிவுகளில் இக்கடற்கரையின் நோயாளிகள் திருநெல்வேலிக் கணக்கிலேயே அடங்குவர். பெரிய அறுவைக்காக மக்கள் சென்ற இடங்கள் 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும். தூத்துக்குடிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2000-இல்தான்.

தென்கோடியின் வெளியான ஆய்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. மோசஸும் உடன் ஆய்வாளரும் 1988-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் நோய்ப்பரவலைக் கணக்கெடுத்து வெளியிட்டனர். 1990-இல் அதே குழுவைச் சேர்ந்தோர் தமிழ்நாட்டில் கண்ணைத் தாக்கும் வகையைப் பற்றி எழுதினர். முன்னது மருத்துவமனை வாசலைத் தாண்டி ஊரை நோக்கிச் சென்ற ஆய்வு. இத்துறையில் அத்தகையவை குறைவு.

இங்குள்ள நில அமைப்பு ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் மழை பெய்தால் நிறையும் கண்மாய்களும் ஊரணிகளும் உள்ளன. தெற்கே தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வாய்க்கால்கள் குளங்களை நிரப்புகின்றன. கோடையில் நீர் வற்றி, மனிதரும் மாடுகளும் ஒரே சேற்றுநீரில் இறங்கும் நிலை பல ஊர்களில் இருந்தது. மாடுகளின் மூக்கிலும் இந்நோய் தோன்றுவதுண்டு. நோயைக் கடல்நீரோடு இணைத்த ஆய்வுகள் இல்லை. சந்தேகம் பெரும்பாலும் நன்னீரின் மேல்தான்.

பதிவேடுகளின் வரம்பு

பின்னோக்கு ஆய்வு, மருத்துவமனைக்கு வந்தவரை மட்டுமே காண்கிறது. ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு மிகுதி என்று பெரும்பாலான தொகுப்புகள் கூறுகின்றன. ஆண்கள் குளத்தில் அதிகம் முழுகுவது இதற்குக் காரணமாகலாம். பெண்கள் சிகிச்சைக்கு வருவது குறைவாக இருந்ததும் காரணமாகலாம். பதிவேட்டில் ஊர்ப்பெயர் இருக்கும், குளித்த குளத்தின் பெயர் இருப்பது அரிது. அறுவை செய்துகொண்டவரே மீண்டும் வேறு மருத்துவமனைக்குச் சென்றால், மறுதோற்றம் புதிய நோயாகப் பதிவாகிவிடும். இத்தனை குறை இருந்தும், நோய் எந்த நிலத்தில், எந்த வயதினரிடம் மிகுகிறது என்று முதலில் சொன்னவை இந்தப் பதிவேடுகளே. ஒவ்வொரு வரியையும் பொறுமையாக எழுதிவைத்த அறுவைக்கூடச் செவிலியருக்கும் ஆய்வக ஊழியருக்கும் இந்த அறிவில் பெரும்பங்கு உண்டு.

கருத்து வேறுபாடுகள்

ஒரே குளத்தில் நூற்றுக்கணக்கானோர் குளிக்க, மிகச் சிலருக்கே நோய் வருவது ஏன் என்பது தீராத கேள்வி. மூக்குப் புண் வேண்டும் என்பர் சிலர்; உடலின் இயல்பான எதிர்ப்பாற்றலைச் சுட்டுவர் சிலர். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே தொற்றுவதில்லை என்பதில் பொதுவான உடன்பாடு உண்டு. நோயுயிரைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்ததாகச் சொன்ன முயற்சிகள் ஏற்பைப் பெறவில்லை.

வகைப்பாட்டிலும் நெடுநாள் பிணக்கு இருந்தது. டெல்லியில் அலுவாலியா குழு 1997-இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும் பாசியே காரணம் என்றது. 1999-இல் ஹெர் குழுவும் 2000-இல் ஃப்ரெட்ரிக்ஸ் குழுவும் மரபணு ஆய்வின் வழி இதை மீன் ஒட்டுண்ணிகளுக்கு உறவான மீசோமைசீட்டோசோவா தொகுதியில் சேர்த்தன. ஹெர் குழுவில் இலங்கையின் அர்செகுலரத்ன பங்கேற்றார். இன்று பெரும்பாலோர் ஏற்பது இம்முடிவையே. உலக நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பு மட்டும் இதைப் பூஞ்சை நோய்களிடையே, பி48.1 என்ற எண்ணில் வைத்திருந்தது.

சிகிச்சை

சதையை அடியோடு வெட்டி எடுத்து அடிப்பகுதியை மின்சூட்டால் கருக்குவதே முதன்மைச் சிகிச்சை. ஆனாலும் சதை மீண்டும் வளர்வது அடிக்கடி நிகழும். தொழுநோய்க்கான டாப்சோன் மாத்திரையை நாயர் 1979-இல் சோதித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜோப் குழு 1993-இல் அதன் பயனை வெளியிட்டது. வித்துகளின் முதிர்ச்சியை அது தடுக்கும் என்று கருதப்படுகிறது. அறுவைக்குத் துணையாகவே பலர் அதைப் பயன்படுத்துகின்றனர்.

அண்மைக் காலம்

அண்மை ஆண்டுகளில் எண்டோஸ்கோப் வழி அறுவை பெருகியுள்ளது. வீடுகளுக்குக் குழாய்நீர் வந்தபின் குளத்துக் குளியல் குறைந்த ஊர்களில் நோயும் குறைந்திருக்கலாம் என்பது சிலர் கருத்து. இதை உறுதிசெய்ய, மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளை நோயாளியின் ஊர், நீர்நிலை, மறுதோற்றம் ஆகியவற்றோடு இணைத்து, மாவட்டவாரியாகத் தொகுக்கும் ஆய்வுகள் தேவை.