லயத்துப் பிள்ளை யாருக்கு?

சப்ரகமுவத் தோட்டத் தமிழர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சம்பளத்தையும் வாக்குரிமையையும் மறக்காமல் எழுதுவார்கள். கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளை யாரிடம் போகும் என்பதை எழுதியவர்கள் குறைவு. இரத்தினபுரியில் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் கேகாலையில் ரப்பர்ப் பால் வெட்டும் ஆணையும் இந்த விஷயத்தில் கட்டுப்படுத்துவது உரோமன் டச்சுச் சட்டம் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

தமிழர்தானே, தேசவழமை இருக்குமே என்று தமிழ்நாட்டு வாசகர் நினைக்கலாம். இல்லை. 1806இல் ஆங்கிலேயர் ஏற்ற தேசவழமை யாழ்ப்பாணத்துக் குடிகளுக்கு மட்டுமே உரியது. கண்டிச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. இந்துச் சட்டம் இவர்களோடு கடல் கடந்து வரவில்லை. மிஞ்சியது பொதுச்சட்டம், அதாவது கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டம். சப்ரகமுவவோ 1815 வரை கண்டி அரசின் பகுதி. ஒல்லாந்தர் அங்கே நிலைத்து ஆண்டதில்லை!

இச்சட்டத்தில் திருமணம் நிலைத்திருக்கும்வரை, தம்பதியர் பிரிந்து வாழ்ந்தாலும், பிள்ளையின் கட்டுக்காப்பில் தந்தைக்கே முன்னுரிமை. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினால்தான் தாய் வெல்ல முடியும். 1939இல் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் காலிட்ஸ் வழக்கில் இதை வலியுறுத்தியது. இலங்கை நீதிமன்றங்களும் அதே வழியில் சென்றன.

ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாய்க்கே உரியது. தாய்க்கு முறைகேடான பிள்ளை கிடையாது என்பது ஒல்லாந்தரின் பழைய சட்டவாக்கு. தோட்டங்களில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். வழக்கப்படி நடந்த திருமணத்தைப் பதிவு இல்லாவிட்டாலும் நீதிமன்றம் ஏற்கலாம். ஆகவே ஒரு விசித்திரம் நேர்ந்தது. தான் சட்டப்படி மனைவி என்று நிலைநாட்டிய பெண், அதே வாதத்தால் பிள்ளைமீது கணவனுக்கு முன்னுரிமையையும் தேடிக்கொடுத்தாள்.

குடியுரிமையிலும் இதே கணக்குத்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணத்தில் பிறந்த பிள்ளை தந்தை வழி. அல்லாத பிள்ளை தாய் வழி. 2003இல்தான் இது திருத்தப்பட்டது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, மேலும் 1,50,000 பேரைப் பேச்சுக்கு ஒத்திவைத்தது. அந்தக் கணக்கில் தாய் ஒரு கரையிலும் பிள்ளை மறுகரையிலும் நின்றால் எந்த நீதிமன்றம் கேட்பது?

ஆட்கொணர்வு மனுவே தாய்க்கு விரைவான வழி. அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும். இரத்தினபுரியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் இந்த அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் தந்தது. நீதிமன்றம் அருகே வந்தது, மொழி வரவில்லை. வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்கு பொதுவாகச் சிங்களத்தில்தான் நடக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பாளர் உதவியைத் தருகிறது. ஆனாலும் தன் பிள்ளையைப் பற்றிய வாதத்தை அரைகுறையாகக் கேட்டு நிற்கும் தாயின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பிள்ளையைச் சென்று பார்க்கும் உரிமையும் அப்படியே. சனிக்கிழமை காலை என்று நீதிபதி எழுதிவிடுவார். அன்று தோட்டத்தில் வேலை இருந்தால் பார்க்கப் போகிறவருக்கு ஒரு பேர் போயிற்று. அன்றைய சம்பளமும் போயிற்று.

1991இல் இலங்கை சிறுவர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. தந்தையின் முன்னுரிமையை நீதிபதிகளும் தீர்ப்புக்குத் தீர்ப்பு மழுக்கிவந்தார்கள். பிள்ளையின் நலனே முதன்மை என்பது நிலைபெற்றது. நல்ல மாற்றம். எனினும் நலனை அளக்க வசதியைப் பார்க்கத் தொடங்கினால் ஒற்றை லய அறையில் இருப்பவள் என்ன செய்வாள் என்ற கவலை எனக்கு உண்டு.

இப்போது வரும் வழக்கில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். தாய் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போக, பிள்ளையை வளர்த்த பாட்டி. சட்டம் பெற்றோரையே முதலில் பார்க்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து அறிக்கை எழுதுவார். பிள்ளைக்கு விவரம் தெரிந்த வயதென்றால் நீதிபதி தம் அறைக்கு அழைத்து, யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்பதும் உண்டு.