பதிலி

மாற்று எனப் பொருள்படும் 'பதல்' என்ற அரபுச் சொல்லே உருது வழியாகத் தமிழில் 'பதில்' ஆயிற்றென்பர். விடை என்ற அர்த்தத்திலேயே நாம் அதனை மிகுதியும் வழங்கினாலும், 'அதற்குப் பதிலாக' என்கையில் மூலப்பொருள் தலைகாட்டிவிடுகிறது. ஓரிக்கைத் தறிக்காரர், சங்கத்தில் சரிகை வாங்கிவரத் தம் பொருட்டு அனுப்பும் ஆள் பதிலாள். வலையில் நம் பொருட்டு அயல் சர்வரை அணுகும் இடைக்கணினி பதிலி, அதாவது பிராக்ஸி. விசித்திரம் யாதெனில், தளத்தோடு நிகழும் சம்பாஷணை மறையாக்கம் பெற்றிருந்தபோதும், எந்தத் தளம் வேண்டுமென்ற விண்ணப்பமும் பதிலிக்குரிய கடவுச்சொல்லும் பதிலி வரையில் பெரும்பாலும் திறந்த சீட்டாகவே சென்றன. சுவீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கிய 'கர்ல்' என்னும் தரவுப் பரிமாற்றக் கருவி, 2016 டிசம்பரில் வெளிவந்த 7.52.0 பதிப்பிலேதான் அந்தச் சீட்டையும் உறையிலிட்டு அனுப்ப வகைசெய்தது.