காணாமற்போன நாய்: பெயர், பட்டை, பதிவேடு

கோலார் தங்கவயலை அடுத்துப் பாலாற்றங்கரையில் அமைந்த பேத்தமங்களா, இன்று அதன் ஏரிக்காகவும் சுரங்க நகரத்துக்குக் குடிநீர் அனுப்பிய நீர்நிலையத்துக்காகவும் பேசப்படும் ஊர். விசயாதித்தமங்கலம் என்னும் அதன் பழம்பெயரில் வாண அரசர்களின் நினைவு தங்கியிருக்கிறது. கோலார், கங்கர்களின் குவளாலபுரம். வாணரும் கங்கரும் நுளம்பரும் மாறி மாறி ஆண்ட இப்பகுதியிலும், தெற்கே செங்கம் வரையிலும், மேற்கே மண்டியா வரையிலும் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட நடுகற்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் வீரனுடைய பெயரோடு நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

இன்று தென்னிந்தியச் சிறுநகரங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘காணவில்லை’ என்னும் தலைப்போடு ஒரு வெண்ணிறச் சடைநாயின் படம் வருவது வழக்கமாகிவிட்டது. பெயர், நிறம், கழுத்துப்பட்டை, கடைசியாகக் கண்ட தெரு, ஒரு தொலைபேசி எண் ஆகியவை படத்தின் கீழே இருக்கும். நடுகல்லுக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. நாய் வழிதவறுவது மிகப் பழைய செய்தி. ஆனால் ‘காணாமற்போன நாய்’ என்பது அவ்வளவு பழைய கருத்தன்று. அது ஓர் ஆட்சிமுறை வகைப்பாடு. அரசு நாய்களை உடையவர் உள்ளவை, இல்லாதவை என இரண்டாகப் பிரித்து, பின்னவற்றைக் கொல்லத் தொடங்கிய காலத்தில் பிறந்தது.

முதலில் கற்களைப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வாணகோ அரைசரைச் சார்ந்த கருந்தேவக்கத்தி என்பான் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்ததை அது குறிக்கிறது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு தனியே ஒரு தொடர் ஒதுக்கிச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பெயர் பதிவான எளிய மனிதர் எத்தனை பேர் என்று எண்ணினால், அந்த ஒரு தொடரின் மதிப்பு விளங்கும்.

மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல் இன்னும் விரிவானது. இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. 949-50-ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கன்னடக் கல்வெட்டு, தக்கோலப் போரில் இராசாதித்த சோழன் வீழ்ந்ததைக் கூறுவதால் சோழர் வரலாறு எழுதியோர் அனைவருக்கும் பழக்கமானது. ஆயினும் அக்கல் நாட்டப்பட்டது அப்போருக்காக மட்டுமன்று. ஒரு நாய்க்காகவும் நாட்டப்பட்டது. கங்க அரசன் இரண்டாம் பூதுகனின் வீரனான மணலேரன், போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக வேண்டிப் பெற்றது காளி என்னும் வேட்டைநாய். பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியின்மேல் காளி ஏவப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயிலுக்கு முன்னே கல் நாட்டி, நிலமும் வழங்கினார்கள். அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகனைப் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. வரலாற்று நூல்களில் தக்கோலம் மேலே நிற்க, காளி பெரும்பாலும் அடிக்குறிப்புக்குள் சென்றுவிட்டது.

இவ்விரண்டு நாய்களும் தொழில் செய்த நாய்கள்: ஒன்று காவல், மற்றொன்று வேட்டை. மடியில் கிடக்கும் சிறுநாய்க்கு இக்கற்களில் இடமில்லை. பழந்தமிழ்ச் சொற்களஞ்சியமும் அதே செய்தியைத்தான் தருகிறது. ஞமலி, ஞாளி, குக்கன், சுணங்கன், எகினம், சாரமேயம் என நிகண்டுகள் நாய்க்குப் பல பெயர்களைத் தொகுக்கின்றன. தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளோடு சேர்த்துக் ‘குருளை’ என்கிறது. அதாவது காட்டின் வரிசையில் வைக்கிறது. திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தரும் உரையாசிரியர்கள், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் என்று குறித்துள்ளனர். (நன்னூலை எழுதுவித்த சீயகங்கன் தன்னைக் குவளாலபுரத்து இறைவன் என்று கூறிக்கொண்டவன் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தமிழ் இலக்கணத்தின் ஒரு வேர் கோலார்ப் பெயரோடு பின்னிக் கிடக்கிறது.) இத்தனை சொற்களுள் தோழமைக்காக மட்டும் வளர்க்கும் சிற்றினத்துக்கென வழக்கூன்றிய ஒரு பழஞ்சொல் இல்லை. ‘சீமைநாய்’, ‘சடைநாய்’ என்பன பின்னாளில் வந்தவை. முன்னது அது வந்த திசையையும், பின்னது அதன் தோற்றத்தையும் மட்டுமே சொல்கின்றன.

சிறுநாயைத் தேடும் வரலாற்றுக்கு இலண்டன் செல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பொதுச்சட்டம் நெடுங்காலம் நாயைத் திருட்டுக் குற்றத்துக்கு உட்பட்ட உடைமையாகக் கருதவில்லை. செல்வர் வீட்டுச் சிறுநாய்களைத் தூக்கிச் சென்று மீட்புப்பணம் கேட்கும் கும்பல்கள் இந்த ஓட்டையில் வாழ்ந்தன. 1845-இல் நாய்த்திருட்டுக்கெனத் தனிச்சட்டம் வந்த பின்னும் அத்தொழில் நிற்கவில்லை. கவிஞர் எலிசபெத் பேரட்டின் ஸ்பேனியல் நாயான ஃப்ளஷ் மூன்று முறை கடத்தப்பட்டது. மூன்றாம் முறை 1846 செப்டம்பரில், அவர் இராபர்ட் பிரௌனிங்கை மணப்பதற்குச் சில நாட்களே இருந்தபோது நிகழ்ந்தது. பணம் கொடுத்தால் திருட்டு வளரும் என்று பிரௌனிங் வாதிட்டார். நோயாளியாக அறைக்குள்ளேயே வாழ்ந்த எலிசபெத், தாமே வண்டியேறிக் கிழக்கு இலண்டனின் ஏழைக் குடியிருப்புக்குச் சென்று கேட்டார். இறுதியில் ஆறு கினி கொடுத்தே நாய் மீண்டது. கொள்கை பிரௌனிங் பக்கம் இருந்தது. நாயைத் தேடிப் போனவர் எலிசபெத்.

1860-இல் மேரி டீல்பி என்னும் பெண்மணி இலண்டனின் ஹாலோவே பகுதியில் காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கென ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். மனிதர் பட்டினி கிடக்கையில் நாய்க்கு இல்லமா என்று நாளிதழ்கள் எள்ளி நகையாடின. 1871-இல் பாட்டர்சீக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனம் இன்றும் அவ்வூர்ப் பெயரால் அறியப்படுகிறது. இல்லம் தோன்றிய அதே 1860-இல், பீக்கிங் கோடை அரண்மனையைச் சூறையாடிய பிரித்தானியப் படை ஒரு பீக்கினீஸ் சிறுநாயைக் கொண்டுவந்து விக்டோரியா அரசியிடம் அளித்தது. அதற்கு ‘லூட்டி’ என்று பெயரிட்டார்கள். கொள்ளையைக் குறிக்கும் இந்தி ‘லூட்’ ஆங்கிலத்துக்குள் சென்று, அங்கிருந்து ஒரு நாயின் கழுத்தில் ஏறியது. உடையவரிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு நாய்க்கு அப்பறிப்பே பெயரானதை நகைச்சுவை என்று அக்காலத்தவர் கருதியிருக்க வேண்டும்.

எடின்பரோவின் பாபி என்னும் சிறு டெரியர் நாயின் கதை பலரும் அறிந்தது. இறந்த உடையவரின் கல்லறையருகே பல்லாண்டு காத்திருந்ததாகச் சொல்லப்படும் அக்கதையின் பல பகுதிகளை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு இடமில்லாதது அதன் கழுத்துப்பட்டை. 1867-இல் உரிமமற்ற நாய்களைக் கொல்லும் நிலை வந்தபோது, நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் அதற்குரிய உரிமக் கட்டணத்தைச் செலுத்தி, பெயர் பொறித்த பட்டையை அணிவித்தார். அப்பட்டை எடின்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளது. பாபியைப் பிழைக்க வைத்தது அந்த உலோகத் தகடுதான், விசுவாசம் அன்று.

இந்தியாவில் இப்பிரிவினை இன்னும் முரட்டுத்தனமாக வந்தது. பம்பாயில் ஆண்டின் சில வாரங்களில் மட்டும் உடையவரற்ற நாய்களைக் கொல்ல இசைவு இருந்தது. 1832-இல் அக்காலம் நீட்டிக்கப்பட்டது. கொன்ற நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று காவலருக்குக் காசு கிடைத்ததால், தெருநாய் எது, வீட்டுநாய் எது என்று ஆராய்வதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. நாயைத் தம் சமயச் சடங்கில் மதிக்கும் பார்சிகள் சூன் 6-ஆம் நாள் கிளர்ந்தெழுந்தனர், கடைகள் அடைபட்டன, கோட்டைக்குச் செல்லும் உணவுப் பொருள்கள் தடுக்கப்பட்டன. இந்தியாவில் நாய்க்காக நிகழ்ந்த முதற்பெருங் கலகம் ‘இது யாருடைய நாய்’ என்னும் வினாவிலிருந்தே எழுந்தது.

கொல்வோர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று எழுதுவது எளிது. ஆனால் அது வரலாறாகாது. வெறிநாய்க்கடி அக்காலத்தில் உறுதியான மரணம். 1900-இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியபோதும் தென்னிந்தியாவிலிருந்து அங்குச் செல்லப் பல நாட்கள் ஆயின. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண் கடிபட்டு உரிய மருத்துவம் எட்டாமல் இறந்ததே, 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் அமையத் தூண்டுகோலாயிற்று. மாடிவீட்டிலும் குடிசையிலும் ஒரே அச்சம் இருந்தது. ஆயினும் அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவை பட்டை வாங்க வழியில்லாதவர் வீட்டு நாய்களும் தெருவுக்கே உரிய நாய்களும்தாம்.

தங்கவயல் இப்பின்னணியில் உருவான நகரம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தை ஏற்றது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பேத்தமங்களாவிலிருந்து தண்ணீர் வந்தது. மேட்டில் தோட்டமும் வேலியும் கொண்ட ஐரோப்பியர் பங்களாக்கள். கீழே வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளரின் லைன் வீடுகள். வேலி இருக்கும் வீட்டில்தான் நாய் ‘வெளியே போய்விட்டது’ என்று சொல்ல முடியும். லைனில் உள்ளும் புறமும் ஒன்றே. அங்கு நாய் ஒரு வீட்டில் உண்டு, மற்றொரு வீட்டு வாசலில் படுத்து, வரிசை முழுமைக்கும் குரைத்தது. அது இரண்டு நாள் வராவிட்டால் கேட்பதற்குப் பத்து வீட்டார் இருந்தனர். உரிமைகோருவதற்கு ஒருவரும் தனியே இல்லை. நகராட்சிச் சட்டத்தின் கண்ணுக்குப் பத்து வீட்டு நாய் என ஒன்று தெரியாது.

இதே நகரத்தில் 1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதித்துப் பதிவுச்சான்று பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஜானகி நாயர் அதை விரிவாக ஆராய்ந்துள்ளார். மனிதரையும் நாயையும் ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. அவ்வொப்பீட்டின் இழிவை அத்தொழிலாளர்கள் எவரினும் நன்கறிந்தவர்கள். அடையாளக்குறி என்பது தேடிக் கண்டுபிடிக்க உதவும். கண்காணிக்கவும் விலக்கவும் அதே அளவு உதவும் என்பதைத் தங்கவயல் தன் உடலால் உணர்ந்த ஊர் என்பது மட்டுமே குறிக்கத்தக்கது. பதிவேட்டை யார் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

சிறுநாய் பொதுமக்கள் வீட்டுக்குள் வந்தது பின்னர்தான். 1888-இல் ஃபுளோரன்சிலிருந்து விக்டோரியா கொண்டுவந்த மார்க்கோ என்னும் சிறிய பொமரேனியன் அந்த இனத்தின் சிற்றுருவை நாகரிகமாக்கியது. நம்மூரில் பொமரேனியன் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் அதன் உறவான இந்திய ஸ்பிட்ஸ். வெப்பத்தைத் தாங்கும், அரிசிச்சோறு உண்ணும், இரண்டறை வீட்டில் அடங்கும் இந்த நாய் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுத்தரக் குடும்பங்களின் உறுப்பினரானது. பெயர்களும் மாறின. ஊர்நாய்க்கு மணி, கருப்பன் என்றிருக்க, இதற்கு ஜிம்மி, டாமி என்று ஆங்கிலப் பெயர்கள் வந்தன. ‘தோ தோ’ என்று அழைத்த நாக்குகள் ‘கம்’, ‘சிட்’ என்று ஏவின. நாயின் மொழி தமிழ் வீட்டுக்குள் ஆங்கிலமாயிற்று என்பது சமூகமொழியியலார் இன்னும் போதிய அளவு கவனிக்காத செய்தி.

சட்டமும் மெல்ல மாறியது. 1959-இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பின் நெடிய வாதத்துக்குப் பின், 1996-இல் சென்னை மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடை முறைக்கு வந்தது. 2001-இன் மைய அரசு விதிகள் அதை நாடெங்கும் நெறியாக்கின; 2023-இல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. காணாமற்போன நாயைத் தேடுவோருக்குக் கிடைத்த கால அவகாசம் இம்மாற்றத்தின் ஒரு விளைவு. பிடிபட்ட நாய் சில நாட்களில் இறந்துவிடும் நகரத்தில் தேடுவது வேறு. அறுவைக்குப் பின் பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்படும் நகரத்தில் தேடுவது வேறு.

இப்போது கழுத்துப்பட்டையின் இடத்தை மைக்ரோசிப் பிடித்துவருகிறது. அரிசிமணி அளவுள்ள அதில் 15 இலக்க எண் ஒன்று மட்டுமே உண்டு; மின்கலம் இல்லை. நாய் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. படிப்பான் கருவியை மிக அருகில் கொண்டுசென்றால் எண் தெரியும். அந்த எண் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்று தெரிந்தால் உடையவர் தெரிவார். கருவியும் பதிவேடும் எட்டாத சிற்றூரில் அது வாசிப்பார் இல்லாத கல்வெட்டு.

ஆகவே தேடுதல் இன்னும் வாய்மொழியில்தான் நடக்கிறது. அதற்கென ஓர் அனுபவ அறிவும் திரண்டுள்ளது. மிரண்ட சிறுநாய் தொலைவு ஓடுவதைவிட, வண்டிக்கடியிலோ புதரிலோ ஒடுங்குவதே மிகுதி. அல்லது யாரேனும் இரக்கத்தால் தூக்கிச் சென்றிருப்பர். எனவே முதலில் அண்டை வீடுகளிலும் பால் ஊற்றுவோர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோரிடமும் கேட்க வேண்டும். அவர்களே தெருவின் மெய்யான பதிவேடு. கண்டவுடன் கூவி விரட்டினால் அது மேலும் ஓடும். உடையவரின் குரலைக்கூட அச்சத்தில் அது அடையாளம் காணாமல் போகலாம். தரையில் அமர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உணவை வைத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டாரின் உடுத்த துணியொன்றை அவ்விடத்தில் விட்டுவைப்பதும் உண்டு. பேத்தமங்களா போன்ற மும்மொழி ஊரில் அறிவிப்பைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத வேண்டியிருக்கும். நாயின் பெயரை மட்டும் மூன்று எழுத்திலும் ஒரே ஒலியில் எழுதினால் போதும்.