மைசூரிலிருந்து பிரெஞ்சுப் படை விலகல் (1783)

மைசூருக்கு அளித்துவந்த படை உதவியைப் பிரான்சு 1783 இல் விலக்கிக்கொண்டமை, இரண்டாம் ஆங்கிலேய-மைசூர்ப் போரின் போக்கை மாற்றிய நிகழ்வாகும். அப்போது மைசூர் ஆட்சியிலிருந்த கொங்கு நாட்டையும் இது பாதித்தது.

பின்னணி

1782 திசம்பரில் ஐதர் அலி இறந்தபின் திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்தார். மங்களூர் முற்றுகையில் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்றும் அவருடன் இருந்தது. ஐரோப்பாவில் பிரித்தானியாவும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்ட செய்தி 1783 சூன் இறுதியில் கடலூரை எட்டியது. அங்கிருந்த பிரெஞ்சுத் தளபதி புசி போரை நிறுத்தி, மங்களூரிலிருந்த படையையும் விலகப் பணித்தார்.

பிரான்சின் இக்கட்டு

உதவியைத் தொடர்ந்தால் சமாதானம் முறியும். நிறுத்தினால் நேச அரசு தனித்து விடப்படும். 1783 செப்டம்பரில் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை, நான்கு மாதங்களுக்குள் சமாதானத்தை ஏற்காத இந்திய நேச அரசுகளுக்கு உதவலாகாது என வரையறுத்தது.

விளைவுகள்

கடலூர்ப் போர் நின்றதால் விடுபட்ட ஆங்கிலேயப் படைகள் கர்னல் புல்லர்ட்டனுடன் சேர்ந்தன. அவர் 1783 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றினார். எனினும் மங்களூர்க் கோட்டை 1784 சனவரியில் திப்புவிடம் பணிந்தது. அவ்வாண்டு மார்ச்சு 11 இல் ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கையின்படி கோயம்புத்தூர் மைசூருக்குத் திரும்பியது.

1788 இல் திப்புவின் தூதர்கள் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தும் புதிய படைக் கூட்டணி அமையவில்லை. 1799 இல் திப்பு போரில் இறந்தபின் கோயம்புத்தூர் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிக்கு உட்பட்டது.