குடுக்கையின் பெயரும் கூலியின் பெயரும்

சிரம்பான் தோட்டங்களில் நம்மவர் பால் வெட்டிய ரப்பர் மரம் இம்மண்ணிற்கு உரியதன்று. தென்னமெரிக்காவின் பிரேசிலில் எடுத்த விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தன. மலாயா ரப்பரின் சரித்திரம் அவற்றில் தொடங்குகிறது. அக்கண்டத்தில் பிறந்த மற்றோர் இலையின் சரித்திரமும் நாம் அறியத்தக்கதாகும். அதுவே ‘மாத்தே’ என்னும் பானம்.

பராகுவே, அர்ஜென்டினா, தென்பிரேசில் மக்கள், காட்டு மரமொன்றின் இலையை நெருப்பில் வாட்டி, உலர்த்தி, இடித்து, சுரைக்குடுக்கையிலிட்டு வெந்நீர் வார்த்துக் குழலால் உறிஞ்சுவர். ஒரே குடுக்கை கூடியிருப்போர் அனைவரிடமும் சுற்றிவரும். இவ்விலையின் பயனை முதலில் கண்டவர் குவாரனி மக்கள். அவர்கள் அதனைக் ‘கஆ’ என்றனர். பச்சிலை என்பது பொருள். பின்வந்த ஸ்பானியரோ, கெச்சுவா மொழியில் குடுக்கையைக் குறிக்கும் ‘மத்தி’ என்னும் சொல்லையே பானத்திற்கு இட்டனர். பாத்திரத்தின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. இலையைக் கண்டவனின் சொல் அவன் நாவளவில் நின்றது.

பெயரிழந்தது இலை மட்டுமோ? இலை பறிக்கச் சென்ற ஏழைகளுக்கு முன்பணம் கொடுத்தே காட்டிற்கு அழைத்துச் சென்றனர். அங்கே கடைச் சாமானின் பேரால் கடன் ஏறிற்று. தப்பியோடியவரைத் துப்பாக்கியேந்தியோர் துரத்தினர். ரஃபாயேல் பாரெட் என்னும் எழுத்தாளர் 1908-இல் அசுன்சியோன் நகரத்துப் பத்திரிகையில் இக்கொடுமையை அம்பலப்படுத்தினார். அத்தொழிலாளிக்கு வழங்கிய பெயர் ‘மென்சூ’, அதாவது மாதச் சம்பளக்காரன். சம்பளம் கடனில் கரைந்தது. பெயர் மட்டும் எஞ்சியது.

நமக்கு இது புதிய கதையா? கங்காணியின் முன்பணம் பெற்றுக் கப்பலேறியவர் நம் பாட்டனார். கூலி என்பது உழைப்பிற்குத் தரும் ஊதியம். தோட்டத்திலோ அதுவே மனிதனுக்குப் பெயராயிற்று. ஆளனுப்பும் அம்முறையை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்திற்று. ஆயினும், கூலி என்ற சொல்லை ஏட்டில் எழுதியது எவர் கை? வெள்ளைத்துரையின் கை மட்டுமன்று. நம்மைப் போன்ற கிராணிமாரின் கையுமாகும். இதனை மறைப்பது நேர்மையன்று.

இன்று தோட்டங்களுக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். தரகருக்குக் கொடுக்கப் பட்ட கடன் பலர் தலைமேல் இருக்கிறது. அவர்களை நாட்டின் பெயரால் கூவியழைப்பவர் யார்? கூலியென்று அழைக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளே! தோழர்களே, செக்ரோலில் ஒருவனைப் பதியுமுன் அவன் பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரால் அழையுங்கள். குடுக்கையைக் கண்டு இலையை மறந்த பிழை நமக்கு வேண்டாம்.